அப்பாவோட துப்பாக்கி

எங்க வீட்ல துப்பாக்கி இருக்குன்னு சொன்னா டவுன்காரங்க மிரண்டு பார்ப்பாங்க. வேட்டைக்கு இல்லீங்க. 1972 சட்டம் வந்த பிறகு வேட்டை ஏது? பயிர்ப் பாதுகாப்புக்குன்னு லைசென்ஸ் வாங்கின ஒத்தக்குழல். குழல் வாய் வழியா மருந்து கெட்டிக்கிற பழைய வகை, அப்பா காலத்துது. நான் வெறும் மருந்து மட்டும் போட்டு, சத்தத்துல பன்னியை விரட்டறதோட சரி.

தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். போன தடவை எண்ணெய் போடாமலே கொடுத்துட்டேன். திரும்பி வந்தப்போ விசை இறுகிக் கிடந்தது. ரெண்டு விரல் போட்டு இழுத்தாத்தான் அசையும். இழுக்கற இழுப்புல குழலே ஒரு பக்கம் சாயும். "அரத்தால உள்ள நாலு தேய் தேய்ச்சா லேசாயிடும்"னு பங்காளி ஒருத்தர் சொன்னார். கை அரிச்சது. ஆனா ரிப்பேர் பண்ண லைசென்ஸ் உள்ளவர்கிட்டத்தான் போகணும்னு சட்டம். போனேன்.

பெரியவர் பூட்டைக் கழட்டிக் காட்டினார். குதிரையைப் பின்னால இழுத்ததும் ஒரு கொக்கி காடிக்குள்ள போய் உக்காருது. விசையை இழுத்தா அந்தக் கொக்கி நழுவி குதிரை அடிக்குது. அவ்வளவுதான் சூட்சுமம்.

"காடியைத் தேய்ச்சா கொக்கி நுனியில மட்டும் தொத்திக்கிட்டு நிக்கும். துப்பாக்கி தவறிக் கீழே விழுந்தாலே வெடிச்சிடும் தம்பி" என்றார்.

பழைய எண்ணெய் பிசின் மாதிரி காய்ஞ்சு, துருவும் சேர்ந்ததுதான் கோளாறு. மண்ணெண்ணெயில ஊறவெச்சு, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, துடைச்சு, ஒரே ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டார். அரத்தைத் தொடவே இல்லை. இழுத்துப் பார்த்தேன், உரசாம வந்தது. ஆனா கொஞ்சம் கனம் இருந்தது. "இன்னும் லேசாக்கலாமா?"ன்னு கேட்டேன். "இது போதும்" என்றார்.

பஸ்ல வரும்போது அப்பா ஞாபகம். அவர் காலத்துல ரவை போட்டுத்தான் கெட்டுவாங்க. ஒரு ராத்திரி கடலைக்காட்டுல ஏதோ அசைஞ்சிருக்கு. குறி வெச்சு விரலை அழுத்தியிருக்கார். விசை கனம், சட்டுனு விழல. அதுக்குள்ள ஒரு இருமல் சத்தம். கயிறு அறுத்துட்டு ஓடின மாட்டைத் தேடி வந்த பக்கத்துக் காட்டுப் பெரியம்மா.

அப்பா அதுக்கப்புறம் ஒரு நாளும் ரவை போடல. ஏன்னு நான் கேட்டப்போதான் இதைச் சொன்னார். பெரியம்மாகிட்ட கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை.

இப்போ தேர்தலுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி மறக்காம எண்ணெய் போடறேன். அந்தக் கனம் மட்டும் அப்படியே இருக்கட்டும்.