ஜன்னலில் தொங்கும் கயிறு



நோன்பு நெருங்குகிறது. ஊரெல்லாம் வீடு கழுவத் தொடங்கிவிட்டார்கள். போன வருடம் இதே நாட்களில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விடயத்தை எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்தோம். வெட்கத்தில் தள்ளிப்போட்டோம். இந்த வருடமும் எழுதாமல் விட்டால் அது சரியில்லை.

எங்கள் வீடு ஒழுங்கை ஓரத்தில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஹோல் தெரியும். அவர்களுக்கும் எங்கள் ஹோல் தெரியும். அதனால் வீடு கட்டி முடித்த கையோடு முன் ஜன்னல்கள் மூன்றுக்கும் அலுமினியத் தகட்டு பிளைன்ட்ஸ் போட்டோம். காற்று வரும், வெளிச்சம் வரும், வெளிப் பார்வை வராது. சீலை போல அடிக்கடி கழற்றித் துவைக்கும் வேலையும் இல்லை என்று கடையில் சொன்னார்கள். நாங்களும் நம்பி, நான்கு வருடம் அதைத் தொட்டும் பார்க்கவில்லை.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் கரையில் தூசு எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் கூட்டிய தரை அஸருக்குள் நரநரவென்று இருக்கும். கடல் பக்கத்தில் இருப்பதால் உப்பு ஈரமும் சேர்ந்துகொள்ளும். ஒரு நாளைக்கு இரண்டு தரம் தரையைக் கூட்டினோம். ஆனாலும் மூத்தவளுக்கு இரவில் இருமலும் முட்டும் குறையவில்லை. டொக்டர் மருந்தைத் தந்துவிட்டு, "தூசு எங்க சேருது எண்டு முதல்ல பாருங்க" என்றார். வீட்டுக்கு வந்து பிளைன்ட்ஸின் ஒரு தகட்டில் விரலை வைத்து இழுத்தோம். விரல் போன தடம் வெள்ளையாகத் தெரிந்தது. சுற்றிலும் சாம்பல் நிறம்.

துடைக்கப் போய்ப் பிழைகளும் விட்டோம். முதலில் ஈரத் துணியால் துடைத்தோம். தூசு சேறாகித் தகட்டின் ஓரங்களில் ஒட்டிக்கொண்டது. பிறகு ஒன்றைக் கழற்றி பாத்ரூமில் போட்டுத் தேய்த்ததில் நான்கு தகடுகள் வளைந்தன. வளைந்த தகடு பழையபடி நிமிராது. கயிறு இறுகுகிறதே என்று மேல் பெட்டிக்குள் தேங்காய் எண்ணெய் விட்டோம். இரண்டு மாதத்தில் எண்ணெயும் தூசும் சேர்ந்து பசையாகி, இழுக்கவே முடியாமல் போனது.

இப்போது செய்வது இதுதான். பிளைன்ட்ஸை முழுக்க இறக்கித் தகடுகளை மூடுகிறோம். பழைய சொக்ஸ் ஒன்றைக் கையில் மாட்டி, மேலிருந்து கீழாக, முதலில் உலர் துடைப்பு. பிறகு தகடுகளை மறுபக்கம் திருப்பி அதே போல இன்னொரு முறை. அதற்குப் பிறகுதான் நன்றாகப் பிழிந்த ஈரத் துணி. சோப்புத் தண்ணீர் இரண்டு சொட்டுப் போதும். உப்புப் படிந்திருந்தால் வெறும் தண்ணீரால் ஒருமுறை துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேல் பெட்டியில் உள்ள இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்கும். மரத் தகடு என்றால் தண்ணீரே வேண்டாம், அது முறுக்கிக்கொள்ளும். மூங்கில் தட்டியை வெயிலில் விரித்து பிரஷால் தட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டினால் பூஞ்சணம் பிடிக்காது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்தால் ஒரு ஜன்னலுக்குப் பத்து நிமிடம் போதும். அறையைக் கூட்ட முதல் இதைச் செய்துவிட வேண்டும். உதிரும் தூசு தரைக்குத்தானே வரும்.

இனித்தான் நாங்கள் எழுத வந்த விடயம்.

போன வருடம் நோன்பு விடுமுறை தொடங்கிய நாள் அது. பள்ளிக்கூட வேலை முடிந்த நிம்மதியில் இருவரும் வீட்டைக் கழுவ இறங்கினோம். ஹோலைக் கழுவுவதற்காகச் செற்றியை இழுத்து ஜன்னலோரம் போட்டோம். கண்ணாடி துடைக்க பிளைன்ட்ஸை உச்சிக்கு உயர்த்திவிட்டோம். பிளைன்ட்ஸ் மேலே போனால் இழுகயிறு அந்தளவுக்குக் கீழே நீளும். அது செற்றியின் இருக்கைக்கு மேலே வளையமாகத் தொங்கியதை நாங்கள் கவனிக்கவில்லை.

கடைக்குட்டிக்கு அப்போது இரண்டரை வயது. இல்ல விளையாட்டுப் போட்டியில் ராத்தா மெடல் வாங்கி வந்த நாளிலிருந்து, கையில் அகப்படுவதையெல்லாம் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தான். அன்றைக்கும் அப்படித்தான் செய்திருக்கிறான்.

"உம்மா, தம்பிர கழுத்துல கயிறு!"

ஓடிப்போய்ப் பார்த்தால் மூத்தவள் அவனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவனது ஒரு கால் செற்றியில், மற்றக் கால் அந்தரத்தில். முகம் சிவந்திருந்தது. அழவில்லை, சத்தமே இல்லை. நாங்கள் அடுத்த அறையில் பத்தடி தூரத்தில்தான் இருந்தோம். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வளையத்தைக் கழற்றிய பிறகுதான் வாய்விட்டு அழுதான். அல்ஹம்துலில்லாஹ்.

கழுத்தில் இருந்த சிவப்புக் கோடு மறைய இரண்டு நாள் எடுத்தது. கேட்டவர்களிடம் நுளம்புக் கடி என்று சொன்னோம். வகுப்பில் உண்மை பேசச் சொல்லிக் கொடுக்கும் நாங்கள் இருவருமே அப்படிச் சொன்னோம். இன்று அதையும் திருத்திக்கொள்கிறோம்.

பிறகுதான் தேடி வாசித்தோம். ஜன்னல் மறைப்புகளின் கயிறு இறுகி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வருடத்துக்குச் சராசரியாக ஒன்பது பேர் அமெரிக்காவில் மட்டும் இறப்பதாக, அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு சொல்கிறது. ஒரு நிமிடத்துக்குள், சத்தமில்லாமல் நடந்துவிடக்கூடிய காரியம். அங்கே கடைகளில் ஆயத்தமாக விற்கும் பிளைன்ட்ஸ், கயிறில்லாமலோ கைக்கு எட்டாத அல்லது மிகக் குட்டையான கயிறோடோ இருக்க வேண்டும் என்று 2018 இல் தரநிலை வந்தது. ஐரோப்பியத் தரநிலை 2014 இல் இறுக்கப்பட்டது. அதன்படி கயிற்று வளையத்தின் அடி, தரையிலிருந்து 1.5 மீற்றருக்குக் கீழே வரக்கூடாது.

எங்கள் வீட்டுக் கயிறுகள் கீழே ஒரே குமிழில் சேர்ந்து வளையமாக இருந்தன. அதை வெட்டிப் பிரித்து ஒவ்வொரு நுனிக்கும் தனிக் குமிழ் போட்டோம். பிரித்தாலும் நீளக் கயிறு கழுத்தில் சுற்றக்கூடியதுதான். அதனால் சுவரில் பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில் கொக்கி அடித்து, இழுத்து முடித்ததும் கயிற்றை அதில் சுற்றிவிடுகிறோம். ரோலர் வகையில் வரும் மணிச் சங்கிலியை வெட்ட முடியாது. அதைத் தொங்கவிடாமல் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் கிளிப்பைப் பூட்டினால் போதும். செற்றி, கட்டில், கதிரை எதுவும் இப்போது ஜன்னலடியில் இல்லை. பிள்ளைகள் படுக்கும் அறையில் பிளைன்ட்ஸையே கழற்றிவிட்டு, மருதமுனைக் கைத்தறிச் சீலை போட்டிருக்கிறோம். மாதம் ஒருமுறை துவைக்கிறோம். மூத்தவளின் இருமலும் குறைந்திருக்கிறது.

இந்த நாட்களில் நீங்களும் ஜன்னலைத் துடைப்பீர்கள். துடைக்க முன், உங்கள் கடைக்குட்டியின் உயரத்துக்குக் குனிந்து ஒருமுறை அந்தக் கயிற்றைப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் வந்துபோகும் மூத்தம்மாமார் வீட்டு ஜன்னல்களையும் பாருங்கள். அங்கேதான் பழைய பிளைன்ட்ஸ் இன்னும் தொங்குகிறது.

எங்கள் பிள்ளைகளுக்காகத் துஆச் செய்யுங்கள். உங்கள் பிள்ளைகளுக்காக நாங்களும் செய்கிறோம்.