லேமினேட்டரும் அப்பாவின் இஸ்திரிப் பெட்டியும்

இரண்டு வருடமாக உங்களிடம் மறைத்த ஒரு விஷயத்தை இந்த மலரில் சொல்லிவிடுகிறேன். "உங்க அப்பா என்னடா பண்றார்?" என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "பிசினஸ்" என்று மழுப்பினேன். என் அப்பா தள்ளுவண்டியில் துணி தேய்க்கிறார். கரி போடும் பெட்டி. என் ஃபீஸ் அதிலிருந்துதான் வருகிறது.

கடைசி வருட புராஜெக்டுக்கு, தொட்டி நிரம்பினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் சர்க்யூட்டை எடுத்தோம். போர்டை வெளியில் கொடுத்தால் அப்பாவின் ஒரு வாரச் சம்பாத்தியம் காலி. நாமே செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். லேசர் பிரிண்டரின் டோனர் என்பது உருகக்கூடிய பிளாஸ்டிக் தூள். வழவழப்பான தாளில் படத்தை அச்சடித்து, செம்புத் தகட்டின் மேல் கவிழ்த்துச் சூடாக்கினால், அது உருகிச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஃபெர்ரிக் குளோரைடில் போட்டால் டோனர் மூடாத செம்பு கரைந்துவிடும். மூடிய இடம் மட்டும் கோடுகளாக நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பெட்டியாலேயே தேய்த்தேன். நடுவில் ஒட்டியது, ஓரத்தில் ஒட்டவில்லை. பலமாக அழுத்தினால் தாள் நகர்ந்து கோடெல்லாம் ஈஷிக்கொண்டது. பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த அப்பா சொன்னார்: "சூடு மட்டும் பத்தாது கண்ணு. எல்லா எடத்துலயும் ஒரே அழுத்தம் விழணும். அவசரமும் படக்கூடாது."

அப்போதுதான் ஐ.டி. கார்டு போடும் லேமினேட்டர் ஞாபகம் வந்தது. இரண்டு ரப்பர் உருளைகள், ஒரே அழுத்தம், ஒரே வேகம்! ஜெராக்ஸ் கடை அண்ணன் ஓரங்கட்டி வைத்திருந்த பழைய மெஷினைக் கொடுத்தார்.

1.6 மி.மீ. போர்டு அதற்குள் நுழையவே இல்லை. உருளையைத் தாங்கும் பள்ளத்தை அரத்தால் ராவி இடைவெளியைக் கூட்டினேன். அடுத்த சிக்கல் சூடு. அதிலிருந்த தெர்மோஸ்டாட் 130 டிகிரியிலேயே கட் ஆனது. டோனர் சரியாகப் பிடிக்கவில்லை. பொறுமை இல்லாமல் தெர்மோஸ்டாட்டை ஒரு வயரால் ஷார்ட் செய்தேன். கொஞ்ச நேரத்தில் புகை! தெர்மல் ஃபியூஸ் போனதால் தப்பித்தோம். "அதையும் ஷார்ட் பண்ணிடலாம்டா" என்றான் நண்பன். லேப் சார் விட்ட டோஸ் இன்னும் காதில் கேட்கிறது: "தெர்மோஸ்டாட் வேலைக்கு, ஃபியூஸ் உசுருக்கு. ரெண்டுல எதையும் தூக்கக் கூடாது!"

பிறகு 170 டிகிரி தெர்மோஸ்டாட்டும், அதற்குமேல் காவலாக 192 டிகிரி ஃபியூஸும் போட்டோம். உள்ளே ஓடுவது 230 வோல்ட் ஆயிற்றே, அதனால் உலோகச் சட்டத்துக்கு எர்த்தும் கொடுத்தோம்.

முதல் போர்டு அழகாக வந்தது. ஆனால் ஐ.சி.யின் கால்கள் எல்லாம் இடம் வலம் மாறியிருந்தன! செம்பில் எழுத்து நேராக விழ வேண்டுமானால் தாளில் அது கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருக்க வேண்டும். இதை ஒரு தகட்டை வீணாக்கித்தான் கற்றேன். அடுத்த தகட்டைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்து, தின்னரால் துடைத்து, விரல் படாமல் பிடித்து, பன்னிரண்டு தடவை உள்ளே விட்டேன். தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரித்தேன். ஒரு கோடுகூட அறவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா சட்டைக் காலரைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓரம் நல்லா வந்திருக்கு" என்றார். அவ்வளவுதான்.

வைவா அன்று வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர், "லேமினேட்டர் ஐடியா யார் கொடுத்தது?" என்று கேட்டார். தொண்டை அடைத்தது. "எங்க அப்பா சார். துணி தேய்க்கிறார்" என்றேன்.

நண்பர்களே, மெஷின் இப்போது நம் லேபில்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போர்டு போட்டுக்கொள்ளுங்கள். ஃபியூஸில் மட்டும் கை வைக்காதீர்கள்!

- மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் துறை