ஆஸ்லோ டு பெர்கன்: பிளக்-இன் ஹைபிரிட் கார் வாங்கலாமா?

நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவிலிருந்து மேற்குக் கரையில் இருக்கும் பெர்கனுக்கு ஏழாம் எண் சாலை வழியே போனால் 460 கி.மீ. சொச்சம். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற தூரம்தான். ஆனால், நடுவில் ஒரு பெரிய பீடபூமியே குறுக்கே கிடப்பதால் ஏழு, எட்டு மணி நேரம் ஆகிவிடும். காடு, பள்ளத்தாக்கு, பனிவெளி, அருவி, கடல் என்று எல்லாமே ஒரே நாளில் ஜன்னலுக்கு வெளியே வந்துபோகும்.

இந்தச் சாலைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. ‘பிளக்-இன் ஹைபிரிட் கார் லாபமா, நஷ்டமா?’ என்று குழம்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பரீட்சைக்கூடம் கிடைக்காது.

பிளக்-இன் ஹைபிரிட் என்பது இரட்டை வேடம் போடும் கார். பெட்ரோல் இன்ஜினும் உண்டு. செல்போன் மாதிரி வீட்டு பிளக்கில் சொருகி சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் உண்டு. நார்வேயில் ஒரு காலத்தில் இதற்கு ஏக மவுசு. 2021-ல் அங்கே விற்ற புதிய கார்களில் ஐந்தில் ஒன்று இந்த ரகம். 2024-ல் அது நூற்றுக்கு மூன்றுக்கும் கீழே விழுந்துவிட்டது. அந்த வருடம் விற்ற புதிய கார்களில் 89 சதவிகிதம் முழு மின்சாரக் கார்கள். பிளக்-இன் கார்களுக்குக் கொடுத்த வரிச்சலுகையை அரசு படிப்படியாகக் குறைத்தது ஒரு காரணம். அது மட்டுமே காரணம் இல்லை என்பது சாலையில் இறங்கினால் தெரியும்.

ஆஸ்லோவில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். அவர்கள் கண் வைத்திருப்பது மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிளக்-இன் ஹைபிரிட். பத்து வருடப் பழசு, செகண்ட் ஹேண்ட். நார்வேக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கிய மாடல் இது. 12 யூனிட் கொள்ளளவு பேட்டரி, இரண்டு மோட்டார், ஒரு பெட்ரோல் இன்ஜின். சாதாரண வீட்டு பிளக்கில் ஐந்து மணி நேரத்தில் நிரம்பிவிடும். முழு சார்ஜில் 52 கி.மீ. ஓடும் என்றது கம்பெனிக் கணக்கு. நிஜத்தில் 35 கி.மீ. வந்தால் சந்தோஷம். கடுங்குளிரில் அதுவும் குறையும். உள்ளே சூடேற்ற வேண்டும் என்பதற்காகவே பெட்ரோல் இன்ஜின் தானாக ஸ்டார்ட் ஆகிவிடுவதும் உண்டு.

இந்தக் காருடன் பெர்கனுக்குக் கிளம்பினால் என்ன ஆகும்? 60 கி.மீ.யில் வரும் ஹோனஃபோஸ் ஊரை எட்டும் முன்பே பேட்டரி காலி. மிச்சம் 400 கி.மீ.யும் பெட்ரோல்தான். 100 கி.மீ.க்கு 8 லிட்டர் என்று வைத்தால் 32 லிட்டர். நார்வேயில் லிட்டர் சுமார் 20 குரோனர். நம் பணத்தில் 160 ரூபாய்க்கு மேல். எண்ணெய் விற்றே பணக்காரரான நாட்டில் பெட்ரோலுக்கு இந்த விலை! மின்சாரம் தீர்ந்த பேட்டரியின் கனத்தையும் சேர்த்துத்தான் இன்ஜின் மலைமேல் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

ஹாலிங்டால் பள்ளத்தாக்கின் ஆற்றை ஒட்டியே சாலை ஏறுகிறது. கோல், பிறகு பனிச்சறுக்குக்குப் பேர்போன யெய்லோ. இங்கெல்லாம் அதிவேக சார்ஜர்கள் நிறைய. முழு மின்சாரக் காரில் வருபவர்கள் கேபிளைச் சொருகிவிட்டு வாஃபிள் சாப்பிடப் போய்விடுகிறார்கள். அதன்மேல் ‘ப்ரூனோஸ்ட்’ என்ற பழுப்பு நிறச் சீஸைச் சீவிப் போட்டுத் தருவார்கள். பாலாடைத் தெளிவைச் சுண்டக் காய்ச்சிச் செய்வது. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் லேசாக உப்புப் போட்ட திரட்டுப்பால்! சாப்பிட்டு முடிப்பதற்குள் கார் அடுத்த 200 கி.மீ.க்குத் தயார்.

யெய்லோவைத் தாண்டினால் மரங்கள் மறைந்துவிடும். இது ஹார்டாங்கர்விடா பீடபூமி. காட்டுக் கலைமான்கள் மந்தை மந்தையாகத் திரியும் வெட்டவெளி. சாலை 1,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. குளிர்காலத்தில் பனிப்புயல் அடித்தால் கேட்டை மூடிவிடுவார்கள். பனி தள்ளும் வண்டி முன்னே போக, கார்கள் பின்னால் ரயில் பெட்டிகள் மாதிரி வரிசையாகப் போக வேண்டும். புயல் மோசமானால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பிளக்-இன் பிரியர்கள் இந்த இடத்தைத்தான் சுட்டிக்காட்டுவார்கள். “நடுப்பனியில் பேட்டரி தீர்ந்தால் பிள்ளைகளை என்ன செய்வது? டேங்கில் பெட்ரோல் இருந்தால் நிம்மதி” என்பது அவர்கள் வாதம். பயம் நியாயமானதுதான். ஆனால், 70 யூனிட் பேட்டரி உள்ள மின்சாரக் கார், நிறைய சார்ஜுடன் மேலே வந்திருந்தால், நின்ற இடத்திலேயே ஒரு நாள் முழுக்க ஹீட்டரை ஓட்டும். ஹீட்டருக்கு மணிக்கு இரண்டு யூனிட் போனாலும் கணக்கு சரியாக வரும். உண்மையான சிக்கல் வேறு. குளிரில் மின்சாரக் கார் ஓடும் தூரம் மாடலைப் பொறுத்துக் கணிசமாகக் குறையும். நார்வே வாகன ஓட்டிகள் கூட்டமைப்பு குளிர்காலத்தில் கார்களை மலைச்சாலையில் ஓட்டிப் பார்த்து, எது எவ்வளவு ஏமாற்றுகிறது என்று வெளியிடுகிறது. கார் வாங்கும் முன் பலரும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

பீடபூமி முடியும் விளிம்பில் வோரிங்ஸ்ஃபோசன் அருவி. உயரம் 182 மீட்டர். 2020-ல் இதன் தலைக்கு மேலேயே 99 படிகளுடன் ஒரு பாலம் கட்டிவிட்டார்கள். அதில் நின்று கீழே பார்த்தால் வயிற்றில் பட்டாம்பூச்சி இல்லை, பருந்தே பறக்கும். கோடையில் கொட்டும் இந்த அருவி முழுக்க இயற்கையின் தயவு இல்லை. மேலேயுள்ள நீரையெல்லாம் மலைக்குள் ஒளிந்திருக்கும் சீமா மின்நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். 1,120 மெகாவாட் திறன் கொண்ட நிலையம் அது. சுற்றுலாப் பயணிகளுக்காகக் கோடை மாதங்களில் மட்டும் விநாடிக்கு 12 கன மீட்டராவது அருவியில் விட வேண்டும் என்பது விதி. நார்வேயின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு இப்படி விழும் தண்ணீரிலிருந்துதான் வருகிறது.

இங்கிருந்து எய்ட்ஃபியோர்டு ஊர் வரை குகைப்பாதைகளில் சுழன்று சுழன்று இறக்கம். சுமார் 700 மீட்டர் உயரம் கீழே வந்து கடல்மட்டத்தைத் தொடுகிறது சாலை. இப்போது நம் அவுட்லேண்டர் முகம் மலர்கிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வேகத்தைப் பிடித்து மின்சாரமாக்கும். அருவியின் தண்ணீர் எந்த மலையில் விழுந்து மின்சாரமாகிறதோ, அதே மலையில் காரும் ‘விழுந்து’ மின்சாரம் செய்கிறது! இரண்டு, மூன்று யூனிட் தேறும். அடுத்த சில கிலோமீட்டர் ஓசையின்றி ஃபியோர்டு ஓரமாக ஓடலாம். நூறு குரோனர் கூட மிச்சமாகாது. ஆனால், ஓட்டுபவருக்கு ஏதோ புதையல் கிடைத்த சந்தோஷம்.

பிறகு ஹார்டாங்கர் பாலம். 2013-ல் திறந்தது. இரண்டு தூண்களுக்கு நடுவே 1,310 மீட்டர். இரு முனையிலும் பாலம் நேராக மலைக்குள் புகுந்துவிடும். உள்ளே நீல விளக்கு எரியும் ரவுண்டானா! சுங்கக் கட்டணத்தில் மின்சாரக் கார்களுக்குத் தள்ளுபடி இருக்கிறது. பிளக்-இன் ஹைபிரிட்டுக்குக் கிடையாது. இந்தச் சலுகைக்குப் பின்னால் ஒரு பாட்டுக்காரரின் ரகளை உண்டு. 1989-ல் ‘ஆ-ஹா’ இசைக்குழுவின் பாடகர் மார்ட்டன் ஹார்கெட், சூழலியலாளர் ஃப்ரெட்ரிக் ஹாகேவுடன் சேர்ந்து, மின்சாரக் காராக மாற்றப்பட்ட ஒரு ஃபியட் பாண்டாவை இறக்குமதி செய்து, ஆஸ்லோவில் சுங்கம் கட்டாமலேயே ஓட்டினார். சலுகைகள் பிறகு ஒவ்வொன்றாக வந்தன.

அப்படியானால் அந்தக் குடும்பம் பழைய அவுட்லேண்டரை வாங்கலாமா? விடை பெர்கன் சாலையில் பாதிதான் இருக்கிறது. மீதி அவர்களுடைய சாதாரண செவ்வாய்க்கிழமையில் இருக்கிறது. ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று தினம் 30 கி.மீ. ஓட்டி, இரவில் வீட்டில் சார்ஜ் போட்டால், யூனிட் ஒன்றரை குரோனர் என்றாலும் 15 குரோனரில் வேலை முடியும். பெட்ரோல் என்றால் 50-ஐ நெருங்கும். வருடத்துக்கு 200 நாள் என்றால் 6,000 குரோனருக்கு மேல் மிச்சம். பெர்கனுக்குப் போவது வருடத்தில் இரண்டு முறை என்றால், அந்தப் பெட்ரோல் செலவு பெரிய விஷயமே இல்லை.

அடுக்குமாடியில் குடியிருந்து, பார்க்கிங்கில் பிளக் இல்லை என்றால், இந்தக் காரைத் திரும்பியே பார்க்கக் கூடாது. சார்ஜ் போடாத பிளக்-இன் ஹைபிரிட், பேட்டரியைச் சுமந்து திரியும் பெட்ரோல் கார், அவ்வளவுதான். பிரிட்டனில் கம்பெனி கொடுத்த இந்த ரகக் கார்கள் திரும்பி வந்தபோது, சிலவற்றில் சார்ஜிங் கேபிள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. கார்களுக்குள் இருக்கும் மீட்டர்களையே படித்துப் பார்த்த ஐரோப்பிய ஆணையம் 2024-ல் சொன்னது இன்னும் மோசம். நிஜ சாலையில் இவை கக்கும் கரியமில வாயு, ஆய்வகக் கணக்கைப் போல மூன்றரை மடங்கு!

புதிய காருக்குப் பணம் இருப்பவர்கள் நார்வேயில் முழு மின்சாரத்துக்குப் போய்விட்டார்கள்; அந்தச் சாலையில் அது சரியான முடிவுதான். செகண்ட் ஹேண்டில் பிளக்-இன் வாங்குபவர்கள் பேட்டரியில் எத்தனை சதவிகிதம் உயிர் மிச்சம் இருக்கிறது என்று சோதித்த சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். டிரையல் ஓட்டுவதைக் குளிர்காலக் காலைப் பொழுதில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மலைமேல் மரவீடு வைத்திருந்து, அங்கே மின்சார இணைப்பும் இல்லாதவர்களுக்கு இந்தக் கார் இன்றைக்கும் உதவும். நார்வேயில் அப்படிப்பட்ட விடுமுறை வீடுகள் நான்கு லட்சத்துக்கும் மேல். எல்லாவற்றிலும் பிளக் இல்லை.

ஹார்டாங்கர் பாலத்திலிருந்து வோஸ் வழியாக இன்னும் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் பெர்கன் வந்துவிடும். வருடத்தில் 200 நாளுக்கு மேல் மழை பெய்கிற ஊர். கேபிளை எடுத்துச் சொருகச் சோம்பல்படுகிறவர்களுக்கு அந்த மழை ஒரு நல்ல சாக்கு.