ஆளுக்கு ஒரு கைப்பிடி

உங்க கட்டிலுக்கு அடியில ஒரு சின்ன டிராலி பெட்டி இருக்கும். இல்லன்னா பக்கத்து ரூம்ல யாருகிட்டயாவது இருக்கும். இன்டர்ன்ஷிப், இன்டர்வியூ, ஹேக்கத்தான்னு என்னைக்காவது ஒருநாள் அதை உருட்டிக்கிட்டு விமான நிலையத்துல போய் நிக்கத்தான் போறீங்க. அதுக்கு முந்தின ராத்திரி நான் முழிச்ச மாதிரி நீங்க முழிக்கக் கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

எனக்கு ஊர் அனுமந்தன்பட்டி. உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவுல, குமுளி போற ரோட்டு மேலயே இருக்கு. சுத்தியும் திராட்சைப் பந்தல். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுது, செய்தியில பார்த்திருப்பீங்க. அந்தத் திராட்சையைக் கொத்துக் கொத்தா வெட்டி, கெட்ட பழத்தைக் கத்தரிச்சு, பெட்டியில அடுக்கி லாரி ஏத்தி விடுறதுதான் எங்கப்பா வேலை.

நான் மூணாம் வருஷம் படிக்கும்போது எங்க ப்ராஜெக்ட் ஒரு போட்டியோட இறுதிச் சுற்றுக்குத் தேர்வாச்சு. திராட்சை இலையில ஈரம் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பார்த்து, அடிச்சாம்பல் நோய் வர வாய்ப்பு இருந்தா போனுக்குத் தகவல் அனுப்புற கருவி அது. போட்டி ஹைதராபாத்ல. டீம்ல நாங்க மூணு பேர், ஆனா டிக்கெட் ஒரு டீமுக்கு ஒண்ணுதான். அதுவும் கைப்பெட்டி மட்டும் கொண்டுபோற டிக்கெட். சீட்டுக் குலுக்கிப் போட்டதுல என் பேர் வந்துச்சு. எங்க வீட்டுல அதுவரைக்கும் யாரும் விமானத்துல ஏறுனதில்ல.

விதி என்னன்னு முதல்ல சொல்லிடுறேன். நம்ம நாட்டுக்குள்ள பறக்கும்போது சாதாரண வகுப்புல கைப்பெட்டிக்குப் பொதுவா 7 கிலோ. அளவு 55, 35, 25 சென்டிமீட்டர். இதோட ஒரு லேப்டாப் பையோ சின்னக் கைப்பையோ வெச்சுக்கலாம். மூணாவதா கையில ஒண்ணு கிடையாது. டிக்கெட்ல போட்டிருக்குறதையும் ஒரு தடவை படிச்சுக்கங்க.

இப்ப ஒரு கணக்கு. அந்த மூணு அளவையும் பெருக்கினா கிட்டத்தட்ட 48 லிட்டர். நல்லா பெருசுதான். ஆனா நான் கடன் வாங்குன டிராலி வெறும் பெட்டியாவே 2.9 கிலோ. மிச்சம் 4.1 கிலோதான். அதாவது இடம் தீர்றதுக்கு முன்னாடியே எடை தீர்ந்துடும். துணியை மடிக்கணுமா சுருட்டணுமான்னு ஆயிரம் வீடியோ இருக்கு. சுருட்டுனா இடம் மிச்சமாகும், எடை ஒரு கிராம் குறையாது. காத்தை உறிஞ்சி எடுக்குற பைக்கும் இதே கதைதான். ஒரு ஜீன்ஸ் 700 கிராம்னா எப்படி வெச்சாலும் 700 கிராம்தான்.

நான் அந்த ராத்திரி இதையெல்லாம் யோசிக்கல. பெட்டி இடம் கொடுத்துச்சு, நாங்க வெச்சுக்கிட்டே இருந்தோம். நான் ரெண்டு ஜீன்ஸ், ஷூ, நாலு டாப்ஸ், சோப்பு ஷாம்பு சாமான்கள் வெச்சேன். "ஏசியில விறைச்சுப் போவ"ன்னு அண்ணன் ஒரு போர்வையைத் திணிச்சான். அப்பத்தா ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய். அம்மா விடியக்காலையில எந்திரிச்சு சுட்ட முறுக்கு, ஒரு டப்பா நிறைய.

அப்பா தோட்டத்துல இருந்து தொங்கு தராசைக் கொண்டாந்து மாட்டினாரு. 10.4 கிலோ.

சிஎஸ்இ நண்பர்களுக்கு இது பழகின கணக்குதான். நாப்சாக் ப்ராப்ளம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எடை, ஒரு மதிப்பு. பை தாங்குற எடைக்குள்ள மொத்த மதிப்பு அதிகமா வரணும். டைனமிக் ப்ரோக்ராமிங்ல அட்டவணை போட்டு விடை எடுப்பீங்க. ஆனா பரீட்சையில மதிப்பு எவ்வளவுன்னு கேள்வியிலேயே கொடுத்துடுவாங்க. எங்க வீட்டுல அதை ஆளுக்கு ஒண்ணா எழுதினாங்க. அம்மா கணக்குல முறுக்குக்கு நூத்துக்கு நூறு. என் கணக்குல ரெண்டாவது ஜீன்ஸுக்கு. எதை எடுத்தாலும் யாரோ ஒருத்தரை எடுத்து வெளிய வைக்கிற மாதிரி இருந்துச்சு.

அப்பா பெட்டியையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் கேட்டாரு: "ஏத்தா, நீ எதுக்கு அந்த ஊருக்குப் போற?"

"போட்டிக்குப்பா."

"அந்த மிஷின் எங்க?"

மிஷின் டிவி மேல இருந்துச்சு. 1.6 கிலோ. கையிலேயே பிடிச்சுட்டுப் போயிடலாம்னு நெனச்சிருந்தேன். மூணு பேரோட ஒரு வருஷ உழைப்பு, பெட்டிக்கு வெளிய. 10.4 கிலோவுல அது சேரவே இல்ல.

அப்பா எல்லாத்தையும் பாயில கொட்டினாரு. "இருமுடி கட்டுற மாதிரி கட்டுவோம்"னாரு.

கார்த்திகை, மார்கழியில எங்க ரோட்டைப் பார்த்தவங்களுக்கு இருமுடி பத்திச் சொல்ல வேண்டாம். சபரிமலைக்குப் போற கூட்டம் எங்க ஊர் வழியாத்தான் குமுளிக்கு ஏறும். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். நடுவுல வாய் வெச்ச ஒரே துணிப்பை, ரெண்டு அறை. முன்முடியில சாமிக்கு உள்ளது: நெய்த்தேங்காயும் பூஜைச் சாமானும். பின்முடியில வழிக்கு உள்ளது. முதல்ல கட்டுறது முன்முடி. வழியில அதைப் பிரிக்கக் கூடாது. பின்முடி போகப் போகக் காலியாகலாம். ஒன்பது வயசுல மாளிகைப்புறமா மாலை போட்டு, பம்பையில இருந்து ஒரு குட்டி இருமுடியைத் தலையில வெச்சு ஏறியிருக்கேன். கழுத்து வலிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு. ஒரு கைப்பிடி அரிசி கூடினாலும் கழுத்துக்குத் தெரியும்.

இருமுடிக்கும் விமானத்துக்கும் நெஜமாவே ஒரு தொடர்பு உண்டு. தேங்காய் எளிதா தீப்பிடிக்கும்னு அதைக் கைப்பெட்டியில அனுமதிக்கிறதில்ல. 2024 அக்டோபர்ல சபரிமலை பக்தர்களுக்காக மட்டும், சோதனைக்கு அப்புறம் இருமுடித் தேங்காயைக் கையிலேயே கொண்டுபோகலாம்னு 2025 ஜனவரி 20 வரைக்கும் விலக்கு கொடுத்தாங்க. அதே சீசன்ல திருவிதாங்கூர் தேவசம் போர்டு, இருமுடியில கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் எல்லாம் வேண்டாம்னு பக்தர்களைக் கேட்டுக்கிச்சு. சாமிக்குப் போற பையிலயே தேவையில்லாததைக் குறைக்கச் சொல்றாங்க. நாம எம்மாத்திரம்?

அப்பா முதல்ல முன்முடி கட்டினாரு. மிஷின் 1.6 கிலோ. உதிரி சென்சார், வயர், சார்ஜர் 400 கிராம். காலேஜ் கடிதமும் ஃபைலும் 200. பெட்டியோட சேர்த்து 5.1 கிலோ. "இது போக இருக்குறதுதான் உனக்கு"ன்னாரு.

1.9 கிலோ. இப்ப முடிவெடுக்குறது சுலபமாயிடுச்சு. கனமான ஜீன்ஸும் ஷூவும் உடம்புல ஏறிடுச்சு. இன்னொரு ஜீன்ஸ் வீட்டுல தங்கிடுச்சு. மூணு நாளைக்குச் சுடிதார் ரெண்டு, ராத்திரிக்கு ஒண்ணு, ஈரிழைத் துண்டு ஒண்ணு, உள்ளாடைகள், எல்லாம் சேர்த்து 1.1 கிலோ. ஷாம்பு பாக்கெட், பாதி தேஞ்ச சோப்பு, பிரஷ், பேஸ்ட் 300 கிராம். போற ஊர்ல தண்ணி இருக்கு, கடை இருக்கு. அங்க கிடைக்கிறதை இங்க இருந்து சுமக்க வேண்டாம்.

அடுக்குறது அப்பாவோட தொழில். மிஷினைச் சுத்தி நான் பேப்பரைக் கசக்கி வெச்சேன். எடுத்துப் போட்டுட்டாரு. "துணி இருக்கும்போது பேப்பர் எதுக்கு? ஆடுற பழம்தான் நசுங்கும். ஆடாம புடிச்சு வெய்யி, ஆனா அமுக்காத." மிஷின் சக்கரத்துப் பக்கம், அதைச் சுத்தி சுருட்டுன துணி, சந்துல சாக்ஸ். சுருட்டுறதுக்கு உண்மையான பயன் அங்கதான் இருக்கு. ஒரே துணி உடுப்பாவும் ஆச்சு, மெத்தையாவும் ஆச்சு.

மிச்சம் 500 கிராம். அம்மா முறுக்கு டப்பாவை மூடி அடுப்படிக்குக் கொண்டுபோயிட்டாங்க. ஒண்ணும் சொல்லல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

இருமுடி கட்டும்போது கடைசியில வீட்டுல உள்ளவங்க ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசி அள்ளிப் போடுவாங்க. மூட்டையாக் கொண்டுவந்து யாரும் கொட்ட மாட்டாங்க. நான் அடுப்படிக்குப் போய், "ஒரு கைப்பிடி போடும்மா"ன்னேன். ஒரு கவர்ல அம்மா கையால அள்ளுன அளவு முறுக்கு. அப்பத்தா பாட்டிலை விட்டுட்டு ஒரு பொட்டலம் விபூதி. அண்ணன் போர்வைக்குப் பதிலா அவனோட மஃப்ளர். அப்பா, "நான்தான் அடுக்கிட்டேனே"ன்னு சொல்லிட்டாரு. எல்லாம் சேர்த்து 400 கிராம். தராசுல 6.9.

கம்பத்துல இருந்து வந்த பஸ்ஸுல ஆரப்பாளையம், அங்க இருந்து மதுரை விமான நிலையம். கவுண்டர்ல வெச்சா 6.9. தோட்டத்துத் தராசு பொய் சொல்லல.

சோதனையில ஒரு பாடம் கிடைச்சுது. கருவிக்கான ரெண்டு 18650 பேட்டரியையும் கழட்டி, முனையில டேப் ஒட்டி, தனிக் கவர்ல கையில வெச்சிருந்தேன். அது சரி. தனியா இருக்குற லித்தியம் பேட்டரியும் பவர் பேங்க்கும் கைப்பெட்டியிலதான் போகணும், 100 வாட்-அவர் வரைக்கும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க்னா 3.7 வோல்ட்டால பெருக்கிப் பாருங்க, 74 வாட்-அவர். பயமில்ல. ஆனா உதிரிச் சாமானோட ஒரு ஸ்க்ரூ டிரைவரும் வெச்சிருந்தேன். கைப்பெட்டியில அது கூடாது. எடுத்துட்டாங்க. மிஷினை வெளிய எடுத்து, "திராட்சை இலையில ஈரம் பாக்குறது மேடம்"னு கடிதத்தைக் காட்டி விளக்கினேன். மேல் அறையிலேயே ஃபைல் இருந்ததால ரெண்டு நிமிஷத்துல விட்டுட்டாங்க. நீங்களும் காட்ட வேண்டியதைக் கைக்கு எட்டுற இடத்துல வைங்க.

ஹைதராபாத்ல பக்கத்து மேசை டீம்கிட்ட ஸ்க்ரூ டிரைவர் கடன் வாங்கினேன். பதிலுக்கு முறுக்கு கொடுத்தேன். மிஷின் ஒரு வயர் கூட அசையாம வந்து சேர்ந்திருந்துச்சு. பரிசு வரல. நடுவர் ஒருத்தர், "இதை உண்மையில தோட்டத்துல வெச்சுப் பார்த்தீங்களா?"ன்னு கேட்டாரு. "எங்கப்பா வேலை பாக்குற தோட்டத்துல நாலு மாசம்"னு சொன்னேன். அது போதும்னு தோணுச்சு. திரும்பும்போது பின்முடி காலி. அந்த இடத்துல அம்மாவுக்கு உஸ்மானியா பிஸ்கட்.

இப்ப நான் கடைசி வருஷம். ஜூலையில சென்னையில வேலைக்குச் சேரணும். இந்தத் தடவை மூணு நாளைக்கு இல்ல. ரயில்லதான் போறேன், அங்க 7 கிலோ கணக்கு இல்ல. அதைவிட நிறையவே தூக்கிட்டுப் போகலாம். அதனாலதான் இப்ப இன்னும் குழப்பமா இருக்கு. அப்பாவோட கேள்வியை நானே என்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்: எதுக்குப் போற, அது பெட்டிக்குள்ள இருக்கா? சம்பளத்துக்குன்னு சட்டுனு சொல்ல முடியுது. அது மட்டும்தானான்னு யோசிச்சா, டிவி மேல இன்னும் உக்காந்திருக்குற மிஷினைத்தான் கண்ணு பாக்குது.

நீங்க பெட்டியைத் திறக்குறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல எதுக்குப் போறீங்கன்னு ஒரே வரி எழுதுங்க. அதுக்கு வேண்டியதை முதல்ல வைங்க, எடை போடுங்க. மிச்சம்தான் உங்களுக்கு. அதுலயும் கொஞ்சம் வீட்டுக்காரங்களுக்கு விடுங்க. டப்பா வேண்டாம்னு சொல்லுங்க, முறுக்கு வேண்டாம்னு சொல்லாதீங்க.

எங்கம்மா இப்பவே முறுக்குக்கு மாவு அரைக்கணும்னு சொல்லிட்டாங்க.