மைசூருக்கு வந்த ஏடு

பெங்களூருவின் தென்கிழக்கே, ஓசூர்ச் சாலையை ஒட்டி அமைந்தது பொம்மனஹள்ளி. ஆயத்த ஆடை ஆலைகள் நிறைந்த அப்பகுதியில், எட்டாம் வகுப்பு மாணவியர் இருவர் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தனர். ஒருத்தியின் தாய்மொழி கன்னடம். மற்றொருத்தியின் தாய்மொழி தமிழ். தமிழ்ச் சிறுமியின் பெற்றோர் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவள் தமிழ் நன்கு பேசுவாள், படிக்கத்தான் தடுமாறுவாள். "அடுத்த ஆண்டு தமிழை விட்டுவிடுகிறேன். இங்கே அதனால் என்ன பயன்?" என்று ஒருநாள் அன்னையிடம் கேட்டாள். ஆலை வேலை முடிந்து களைத்து வந்திருந்த அன்னை மறுமொழி கூறவில்லை.

தோழியின் தமக்கை மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் முதுகலை பயின்றுவந்தாள். பள்ளி விடுமுறை நாளொன்றில் அவளைக் காணச் சென்ற தோழியின் தந்தை, சிறுமியர் இருவரையும் உடன் அழைத்துச் சென்றார். காலைத் தொடர்வண்டி மண்டியாவின் கரும்பு வயல்களைக் கடந்து, சீரங்கப்பட்டணத்தில் காவிரிப் பாலத்தின்மேல் ஏறியது. "இந்த ஆறுதான் எங்கள் தாத்தாவின் வயலுக்கும் வரும்" என்றாள் சிறுமி. தோழி வியப்புடன் சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

நிலையத்தில் காத்திருந்த தமக்கையை இருவரும் "அக்கா" என்றே அழைத்தனர். அச்சொல் இரு மொழிக்கும் பொது. நடந்துகொண்டே அவள் ஊரின் கதையைக் கூறினாள். மைசூர்க் கல்லூரிகள் முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1916இல் மைசூருக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் நிறுவினார். பின்னர் எழுந்த வளாகத்திற்கு மானசகங்கோத்ரி என்று பெயரிட்டவர் கன்னடக் கவிஞர் குவெம்பு.

பழைய கல் கட்டடம் ஒன்றின்முன் அக்கா நின்றாள். அது 1891இல் தொடங்கப்பெற்ற கீழ்த்திசை நூலகம். "தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் ஓலைச்சுவடிக் கட்டு ஒன்றை இந்நூலகத்திற்குத் தந்தார். அதன் மொழி வடமொழி. எழுத்து, தமிழ்நாட்டில் வழங்கிய கிரந்தம். இங்குப் பணியாற்றிய சாம சாஸ்திரி 1905இல் அதைப் படித்து, அது கௌடிலியரின் அர்த்தசாத்திரம் என்று கண்டறிந்தார். பெயர் மட்டுமே அறியப்பட்டிருந்த அந்நூல் 1909இல் அச்சேறியது" என்றாள்.

"அவருக்கு அந்த எழுத்துத் தெரியாமல் இருந்திருந்தால்?" என்று வினவினாள் சிறுமி.

"கட்டிவைத்த ஓலையாகவே இருந்திருக்கும்" என்றாள் அக்கா.

அடுத்து மகாராஜா கல்லூரியைக் கண்டனர். அங்குப் பயின்றவர்களுள் ஒருவர் ஏ. கே. ராமானுஜன். 1929இல் மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை கணிதப் பேராசிரியர். அவர் இளமையில் அன்னையோடு தமிழும், தந்தையோடு ஆங்கிலமும், தெருவில் கன்னடமும் பேசினார். கன்னடத்தில் கவிதைகள் எழுதினார். பழந்தமிழை அவர் பள்ளியில் கற்கவில்லை. 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் குறுந்தொகை அவர் கைக்குக் கிடைத்தது. முயன்று கற்று, அதன் பாடல்கள் பலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து 1967இல் வெளியிட்டார்.

"உன்னைப்போலவே மூன்று மொழி பேசியிருக்கிறார்!" என்று கன்னடத்தில் கூறினாள் தோழி. சிறுமி புன்னகைத்தாள், ஆயினும் ஒன்றும் பேசவில்லை. மாலையில் திரும்பும்போது காவிரிப் பாலம் இருளில் மறைந்திருந்தது.

வீட்டில் ஒரு தகரப்பெட்டி உண்டு. மறைந்த தாத்தாவின் குறிப்பேடு அதன் அடியில் பல ஆண்டுகளாகக் கிடந்தது. அதில் என்ன இருக்கிறது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றிரவு அதை எடுத்து விளக்கடியில் அமர்ந்தாள். கூட்டெழுத்தாக இருந்த முதல் வரி எளிதில் பிடிபடவில்லை. விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள்.

"ஆனி 5. வாய்க்காலில்... தண்ணீர்... வந்தது."

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அன்னையின் கைகள் நின்றன. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் மகளின் அருகில் வந்து அமர்ந்தார்.

"அடுத்த வரியையும் படி, கண்ணு" என்றார்.