கம்பி செய்த கடமை

விழா மலருக்கு எம் தொழில்பற்றி ஒரு கட்டுரை வரைக என மலர்க்குழுவினர் பணித்தனர். 1984-ஆம் ஆண்டு ஊர் நீங்கிக் கனடா சேர்ந்த யாம், ரொறொன்ரோவிலும் அயலூர்களிலும் அலுவலகங்களுக்குத் தொலைபேசி அமைக்கும் பணியிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டோம். கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்திற் கற்ற மின்னோட்டப் பாடமே எமக்குச் சோறிட்டது எனின் மிகையன்று.

ஓர் அலுவலகத்தில் ஐம்பதின்மர் பணிபுரியினும் ஐம்பது வெளிக்கம்பிகள் வேண்டா. ஒரே வேளையில் வெளியாரோடு பேசுவோர் சிலரே. சில கம்பிகளைப் பலர் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் இணைப்பகமே பி.பி.எக்ஸ். என வழங்குவது. முன்னாளில் ஒருவர் பலகைமுன் அமர்ந்து கயிறுகளைச் செருகி இணைத்தார். பின்னர் அவ்வேலையைப் பொறிகள் ஏற்றன.

அப்பொறிகளை அடியோடு மாற்றிய கருத்து 1938-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. ஆங்கிலப் பொறியியலாளர் அலெக் றீவ்ஸ், குரலை அலையாக அனுப்பாது எண்களாக்கி அனுப்பலாம் எனக் கண்டு, பிரான்சிற் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். குரலின் அளவைச் செக்கனுக்கு 8,000 தடவை எடுத்து, ஒவ்வோர் அளவையும் எட்டு இரும இலக்கங்களால் எழுதினால், செக்கனுக்கு 64,000 இலக்கங்களுள் மனிதக் குரல் அடங்கிவிடும். இவ்வழியைத் தழுவி, கனடாவின் நோர்தேண் ரெலிகொம் நிறுவனம் 1975-இல் எஸ்.எல்.-1 எனும் இலக்கமுறை இணைப்பகத்தை அறிமுகஞ் செய்தது. பின்னாளில் நோர்டெல் எனப் பெயர்பெற்ற அந்நிறுவனத்தின் நோர்ஸ்ரார் கருவிகளைக் கடைகள் முதற் பல்வைத்திய நிலையங்கள் வரை எத்தனையோ இடங்களில் யாம் பொருத்தினோம்.

குரல் எண்ணாகிய பின்னர் அது எவ்வழியாற் சென்றால் என்ன? 1995-இல் இஸ்ரேலின் வோகல்ரெக் நிறுவனம் இணையத்தின்வழி பேசும் மென்பொருளை வெளியிட்டது. 1999-இல் எஸ்.ஐ.பி. எனும் அழைப்பு விதிமுறை நியமமாக வெளிவந்தது. அதே ஆண்டில் மார்க் ஸ்பென்சர் என்னும் அமெரிக்க இளைஞர், சாதாரணக் கணினியையே இணைப்பகமாக்கும் அஸ்ரெரிஸ்க் மென்பொருளை இயற்றி, யாவரும் இலவசமாய்ப் பெறச் செய்தார். சுவரை நிறைத்த பெட்டிகள் மறையலாயின. நோர்டெல் நிறுவனமும் 2009 ஜனவரியிற் கடன்சுமை தாளாது நீதிமன்றப் பாதுகாப்பை நாடிற்று.

இதனால் விளைந்த நன்மை பெரிது. செலவு குறைந்தது. ரொறொன்ரோ அலுவலகத்தின் எண்ணிலேயே கொழும்பில் இருப்பவரும் பேசலாம். எனினும், செம்புக்கம்பி வாய்திறவாது செய்துவந்த கடமைகள் இரண்டு உள. தொலைபேசி நிலையத்து மின்கலங்களிலிருந்து மின்னைத் தானே சுமந்து வந்தமை ஒன்று. அழைப்பவர் இருக்கும் இடத்தைக் காட்டியமை மற்றையது. கம்பி முடியும் இடமே முகவரி அன்றோ!

2003 ஓகஸ்ட் 14-ஆம் நாள் மாலை நான்கு மணி கடந்த சிறிது நேரத்தில் ரொறொன்ரோ எங்கும் மின் நின்றது. அவ்வேளை யாம் பணிசெய்துகொண்டிருந்த அலுவலகத்தின் இணைப்பகமும் ஊமையாயிற்று. தொலைநகலுக்கென விடப்பட்டிருந்த நேர்க்கம்பியிற் பழைய தொலைபேசி ஒன்றைச் செருகினோம். உடனே ஒலி கேட்டது. பணியாளர் வரிசையில் நின்று தத்தம் வீட்டாரோடு பேசினர்.

இடமறியாமையின் விளைவோ இதனினும் கொடிது. இணையத் தொலைபேசி வழங்குவோர் அவசர அழைப்புக்கு வகைசெய்தல் வேண்டுமென்று கனடாவின் ஒழுங்குபடுத்தும் ஆணையம் 2005-இலேயே பணித்திருந்தது. எனினும் 2008-இற் கல்கரி நகரில் 18 மாதக் குழந்தை ஒன்று நோயுற, உறவினர் இணையத் தொலைபேசியால் 911-ஐ அழைத்தபோது, நோயாளர் வண்டி அக்குடும்பத்தின் பழைய முகவரிக்குச் சென்றது. அம்முகவரி ஏறக்குறைய 2,700 கிலோமீற்றருக்கு அப்பால் மிசிசாகாவில் இருந்தது. அயல்வீட்டிலிருந்து மீண்டும் அழைத்த பின்னரே உதவி வந்தது. குழந்தை பிழைக்கவில்லை.

பழைய முறை குற்றமற்றது என்று சொல்ல வந்தோமல்லோம். 2013-இல் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து விடுதியொன்றில், தாக்கப்பட்ட தாயைக் காக்க ஒன்பது வயதுச் சிறுமி நான்கு முறை 911-ஐ அழுத்தினாள். அழைப்பு வெளிச்செல்லவில்லை. அங்கே வெளிக்கம்பி பெற முதலில் 9-ஐ அழுத்தல் வேண்டும். குழந்தை அதனை எங்ஙனம் அறியும்? அத்தாயின் பெயரால் 2018-இல் எழுந்த சட்டம், முன்னெண் இன்றியே 911-ஐ அழைக்கப் புதிய இணைப்பகங்கள் இடந்தரல் வேண்டுமென விதித்தது.

பல நாடுகளில் அலுவலகங்களும் கடைகளும் நடத்தும் எம் கல்லூரிச் சகோதரர்களிடம் யாம் வேண்டுவன மூன்று. இடம் மாறும் அன்றே புதிய முகவரியைத் தொலைபேசி வழங்குநரிடம் பதிவு செய்க. மின் நின்றாலும் இணையப் பெட்டியும் தொலைபேசியும் இயங்குமாறு மின்கலம் வைத்திடுக. அவசர எண்ணை நேரே அழுத்தினால் அழைப்பு வெளிச்செல்லுமா எனத் தொலைபேசி அமைத்தவரிடம் கேட்டு உறுதி செய்க. கம்பி தானாகவே செய்துவந்த கடமையை இனி நாமே நினைந்து செய்தல் வேண்டும்.