சிங்கப்பூரின் வெளித் தீவுகள்

சிங்கப்பூர் ஒரு தீவுக் கூட்டம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டரில், ஒரு பெரிய தீவும் அதைச் சுற்றி அறுபதுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளும் சேர்ந்த நாடு. இங்கு குடியேறிய தமிழர்களின் நடமாட்டம் பெரும்பாலும் பெரிய தீவுக்குள்ளேயே முடிந்துவிடும்: புக்கிட் பாத்தோக்கில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு, வேலைக்குப் போய்வர எம்.ஆர்.டி., ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் காய்கறி. ஆனால் தமிழர் இங்கு வந்து கால் ஊன்றிய கதையில் வெளித் தீவுகளுக்கும் பெரிய பங்கு உண்டு.

பெரிய தீவின் நடுப்பகுதியும் வடகிழக்கே உள்ள புலாவ் உபினும் கருங்கல் பூமி. தெற்குத் தீவுகளில் படிவுப் பாறைகளே அதிகம். புக்கிட் பாத்தோக்கில் ஒரு காலத்தில் கல்லுடைத்த இடங்கள் இன்று பூங்காக்கள். ‘லிட்டில் குய்லின்’ என்று அழைக்கப்படும் நகரப் பூங்காவில், வெட்டி எடுத்ததுபோக மிஞ்சிய பாறை தண்ணீருக்குள் செங்குத்தாக நிற்கிறது. அந்தக் குளம் பழைய குவாரிக் குழிதான். உபினிலும் இதே காட்சியைப் பார்க்கலாம். அங்கே கடைசிக் குவாரி மூடப்பட்டது 1999இல். 1851இல் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் பின்னர் ஜொகூர் பாலத்துக்கும் கல் கொடுத்தது உபின். சாத்துமு தீவில் 1855இல் முடிந்த ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்தை உபின் கல்லால் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். சென்னை, வங்காள மாகாணங்களிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்களின் 1825 முதல் 1873 வரையிலான உழைப்பில்தான் இங்குள்ள பல சாலைகளும் கட்டடங்களும் உருவாயின.

பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸின் கப்பல் 1819 ஜனவரி 28இல் முதலில் நங்கூரம் போட்டது தெற்கே உள்ள செயிண்ட் ஜான்ஸ் தீவின் அருகில். அதே ஆண்டு அவருடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, செங்கல் சூளை வைத்தார். 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலையும் எழுப்பினார்.

1873இல் காலரா பரவியது. மறு ஆண்டே செயிண்ட் ஜான்ஸ் தீவில் தனிமைப்படுத்தும் முகாம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் டெக் டிக்கெட்டில் வந்தவர்களுக்கு, கப்பலில் நோய் கண்டால் நகரம் கண்ணெதிரே தெரிந்தாலும் இறங்க வேண்டிய இடம் இதுவாகிவிடும். குளிக்கவைத்து, துணிகளை நீராவியில் போட்டு எடுத்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் அனுப்பினார்கள். 1930களில் உலகின் பெரிய தனிமை முகாம்களில் ஒன்றாக இது விளங்கியது. பிறகு அரசியல் கைதிகளை வைக்கும் இடமானது. பின்னாளில் நாட்டின் அதிபரான தேவன் நாயர் 1951இல் இங்கே தடுத்துவைக்கப்பட்டார். 1955இல் அபின் அடிமைகளுக்கான மறுவாழ்வு மையம் வந்தது. இப்போது கடல் ஆய்வுக்கூடமும் விடுமுறைத் தங்குமிடமும் இருக்கின்றன.

சுதந்திரத்துக்குப் பிறகு ஒவ்வொரு தீவுக்கும் ஒரு வேலை ஒதுக்கப்பட்டது. ராணுவத் தளமாக இருந்த பிளாக்காங் மாத்தி, 1970களில் செந்தோசா என்ற பெயரோடு உல்லாசத் தீவானது. புக்கோமில் 1961இலேயே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை தொடங்கிவிட்டது. செமக்காவ் 1999 முதல் குப்பை எரித்த சாம்பலை வாங்கிக்கொள்கிறது. ஏழு தீவுகளுக்கு இடையே கடலைத் தூர்த்து உருவாக்கிய ஜூரோங் தீவு 2000இல் திறக்கப்பட்டது. அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் நுழைய முடியாத அந்த ரசாயனத் தீவின் கட்டுமானத்திலும் பராமரிப்பிலும் தமிழகத்து ஊழியர்கள் ஏராளம். இந்த மாற்றங்களில் தீவுவாசிகளான மலாய்க்காரர்களும் சீனர்களும் கரையேறி வீவக வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1960களில் 581 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு, கடலைத் தூர்த்து இன்று சுமார் 735 ஆகியிருக்கிறது.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து தெற்குத் தீவுகளுக்குப் போக ரயில் மாற வேண்டியதில்லை. வடக்கு-தெற்குப் பாதையின் இரண்டாவது நிலையத்தில் ஏறினால், அதே பாதையின் கடைசி நிலையமான மரினா சவுத் பியரில் இறங்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அங்கிருந்து செயிண்ட் ஜான்ஸ், கூசு தீவுகளுக்குப் படகு உண்டு. லாசரஸ் தீவின் மணற்கரைக்குச் செயிண்ட் ஜான்ஸிலிருந்து நடந்தே போகலாம். கூசுவில் 1923இல் எழுந்த சீனக் கோயிலும், குன்றின்மேல் மலாய் கெராமாட்கள் (புனிதர் அடக்கத்தலங்கள்) அமைந்த இடமும் அருகருகே உள்ளன. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் கூட்டம் அலைமோதும். உபினுக்கு சாங்கி பாயிண்டில் படகு. பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் கிளம்பிவிடும். கட்டணத்தைச் சில்லறையாக வைத்துக்கொள்வது நல்லது. சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். 2001இல் தூர்க்கப்படாமல் தப்பிய, அங்குள்ள செக் ஜாவா சதுப்புக் கரையை நீரிறக்க நேரம் பார்த்துப் போனால்தான் முழுதாகக் காணலாம்.

டிசம்பர், ஜனவரியில் அடைமழை; பிப்ரவரி பொதுவாக வறண்ட மாதம். தெற்குத் தீவுகளுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கையோடு கொண்டுபோக வேண்டும்; கடைசிப் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊரிலிருந்து வரும் பெற்றோரைச் செந்தோசாவையும் முஸ்தஃபா கடையையும் காட்டி அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. அவர்களுக்கு முந்தைய தலைமுறையில் இங்கு பிழைக்க வந்த பலரை நிறுத்திவைத்து அனுப்பிய செயிண்ட் ஜான்ஸ் தீவுக்கும் ஒரு பகல் ஒதுக்குங்கள்.